கண்ணுக்குக் கீழே பை: கத்தியா, ஊசியா, இல்லை ஒன்றுமே வேண்டாமா?

பாயான் பாருவில் கண்ணாடி முன் நின்று கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்க்கும் நாற்பது வயதுக்காரருக்கு ஆலோசனை சொல்ல ஆள் குறைவில்லை. கடைவீட்டு மாடியில் இருக்கும் அழகு நிலையம் லேசர் போதும் என்கிறது. பக்கத்து கிளினிக்கில் ஃபில்லர் ஊசி, அரை மணி நேர வேலை என்கிறார்கள். ஜோர்ஜ்டவுனில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போனால் ஒரு நிபுணர் கொழுப்பை எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் எடுக்கக் கூடாது, இடம் மாற்றி வைக்கலாம் என்கிறார். வீட்டில் அம்மாவோ, ராத்திரி ஒழுங்காகத் தூங்கினாலே சரியாகிவிடும் என்கிறார். ஒரே முகத்துக்கு ஐந்து பதில்கள்.

இவர்களில் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. 'கண்ணுக்குக் கீழே அசிங்கமாக இருக்கிறது' என்ற ஒரே குறைக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு விஷயங்கள் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். கொழுப்புப் பிதுக்கம் ஒன்று. தொங்கிய தோல் இன்னொன்று. கண்ணுக்கும் கன்னத்துக்கும் இடையே விழும் பள்ளம் மூன்றாவது. தோலின் கறுப்பு நான்காவது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்கு உதவாது. சில வேளை கெடுக்கவும் செய்யும். எந்தச் சிகிச்சை என்ற கேள்விக்கு முன்னால், இருப்பது எது என்ற கேள்வி வர வேண்டும்.

கண்ணாடியே பாதி சொல்லிவிடும்

கண்ணைச் சுற்றிப் பஞ்சு வைத்தாற்போல் கொஞ்சம் கொழுப்பு எல்லாருக்கும் உண்டு. கீழ் இமைக்குப் பின்னால் அது மூன்று சிறு பொதிகளாக இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய சவ்வு வயதாக ஆகத் தளரும்போது கொழுப்பு முன்னே பிதுங்குகிறது. சில குடும்பங்களில் இது இருபது வயதிலேயே தெரியும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்திப் பார்த்தால் இந்தப் பிதுக்கம் கூடும். கீழே பார்த்தால் அடங்கும். காலை, மாலை என்ற வேறுபாடு இதற்கு அதிகம் இல்லை.

காலையில் எழும்போது பெரிதாக இருந்து, மதியத்துக்குள் வடிந்துவிட்டால் அது பெரும்பாலும் நீர். முந்திய இரவு சாப்பிட்ட மெகி மீ, கருவாடு, ஊறுகாய் இவற்றின் உப்புக்கும் அதில் பங்கு உண்டு. தலையணையைச் சற்று உயர்த்தி, உப்பைக் குறைத்து இரண்டு வாரம் பார்த்தாலே வித்தியாசம் தெரியக்கூடிய ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கொட்டுவதில் பொருளில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்ப்பவர்கள், தூக்கம் மாறி மாறி வரும் வாரத்தில் எடுத்த படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாமல் இருப்பது நல்லது.

பள்ளத்தை அறிய வெளிச்சம் போதும். தலைக்கு மேல் எரியும் விளக்கின் கீழ் கறுப்பாகத் தெரிந்து, முகத்துக்கு நேரே கைப்பேசி விளக்கைப் பிடித்தால் மறைந்துவிடும் கறுப்பு நிழல்தான். அது பள்ளத்தின் வேலை. வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும் மாறாத கறுப்பு தோலின் நிறம். தோலை மெல்ல இழுத்துப் பார்த்தால் நிறம் அப்படியே இருக்கும். இழுக்க இழுக்க ஊதாவாகத் தெரிந்தால், மெல்லிய தோலுக்கு அடியில் உள்ள நரம்பும் தசையும் தெரிகின்றன என்று பொருள். இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது; ஒரு மில்லிமீட்டர்கூட இராது.

தமிழர்களைப் பொறுத்தவரை இந்த நான்காவது வகையைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. நம் தோலில் கருவளையம் பரம்பரையாக வருவது மிகச் சாதாரணம். தாத்தா படத்தில் இருக்கும், அத்தை முகத்தில் இருக்கும், பேத்திக்கும் வரும். ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் அடர்த்தியாகும். புகைமூட்டக் காலத்தில் கசக்காதவர் யார்? இந்தக் கறுப்பை எந்தக் கத்தியும் அகற்றாது. கொழுப்பை எடுத்து இமையைச் சமமாக்கினால் நிழல் குறையலாம். நிறம் அங்கேயேதான் இருக்கும். செலவும் செய்து, வலியும் பட்டு, கடைசியில் 'கறுப்பு போகவே இல்லையே' என்று வருந்துபவர்கள் அறுவையில் ஏமாந்தவர்கள் அல்லர். அறுவைக்கு முன்னால் பேசிய பேச்சில் ஏமாந்தவர்கள்.

நிறத்துக்கென்று கடைகளிலும் இணையத்திலும் விற்கும் வெளுப்புக் களிம்புகளைக் கண்ணருகே பூசுவது வேறு வகை ஆபத்து. பாதரசம், ஹைட்ரோகுயினோன், ஸ்டீராய்டு கலந்த அழகுப் பொருள்களைப் பற்றி நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அதிகாரிகள் அடிக்கடி எச்சரிக்கை விடுத்து வருகிறார்கள். ஸ்டீராய்டை இமையில் நீண்ட நாள் பூசினால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். ஒவ்வாமைக்கு மருந்து, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி, தோல் நிபுணர் எழுதிக் கொடுக்கும் களிம்பு, அதற்கு மேல் பொறுமை. இதில் பலன் மெதுவாகத்தான் வரும்.

அழகுக் குறையா, நோயா?

எல்லா வீக்கமும் வயதின் வேலையன்று. சில மாதங்களுக்குள் திடீரென்று இமை வீங்கி, கண் விழித்துப் பார்ப்பதுபோல் தெரிந்து, கூடவே நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு இருந்தால் முதலில் தைராய்டு இரத்தச் சோதனை எடுக்க வேண்டும். தைராய்டு கண் நோய் அடங்காத நிலையில் அழகுக்காக இமையைத் தொடக் கூடாது. முகமும் காலும் சேர்ந்து வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் வரும் வீக்கத்தையும் கண் மருத்துவரிடம் காட்டாமல் விடக் கூடாது.

நீரிழிவு, இரத்த அழுத்தம் இரண்டும் மலேசிய இந்தியர்களிடையே பரவலாக இருப்பவை. அழுத்தம் கட்டுக்குள் இல்லாமல் இமையில் கத்தி வைத்தால் இரத்தக் கசிவுக்கு வழி திறந்துவிட்டதுபோல்தான். சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறத் தாமதமாகும், கிருமியும் தொற்றலாம். கண் வறட்சி உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பிறகு எரிச்சல் கூடும் என்பதால் அதையும் முன்கூட்டியே சோதிப்பது வழக்கம்.

கத்தி என்றால் எந்த வழி?

கீழ் இமை அறுவைக்குள்ளேயே பல வழிகள் உண்டு. தோல் நன்றாக இறுக்கமாக இருந்து, பிதுக்கம் மட்டுமே குறை என்றால் இமையின் உட்புறம் வழியாகக் கொழுப்பை எட்டுவார்கள். வெளியே தழும்பே இராது. இது நேற்று வந்த புதுமை என்று சில விளம்பரங்கள் சொல்வதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். பாரிஸில் ஜூலியன் பூர்கே என்ற அறுவை மருத்துவர் 1924ஆம் ஆண்டிலேயே இந்த முறையை விவரித்துவிட்டார்.

புதிதாக மாறியிருப்பது கொழுப்பை என்ன செய்வது என்பதுதான். முன்பெல்லாம் பிதுங்கியதை வெட்டி எடுத்துவிடுவார்கள். பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் சிலருக்குக் கண் குழிந்து, முன்பைவிட வயதான தோற்றம் வந்துவிட்டது. எடுத்த கொழுப்பைத் திரும்ப வைப்பது எளிதல்ல. அதனால் பிதுக்கமும் அதற்குக் கீழே பள்ளமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு, அதே கொழுப்பை எலும்பு விளிம்பைத் தாண்டிக் கீழே இழுத்து, பள்ளத்தை நிரப்பும் முறை 1980களிலிருந்து வளர்ந்தது. மேடும் பள்ளமும் ஒரே வேலையில் சமமாகும். இதில் வீக்கம் வடிய நாளாகும், மருத்துவரின் கைப்பழக்கமும் அதிகம் வேண்டும். ஒரு நிபுணர் எடுக்கலாம் என்றும் இன்னொருவர் இடம் மாற்றலாம் என்றும் சொன்னதன் காரணம் இதுதான். பள்ளம் இருக்கிறதா, எவ்வளவு என்று இருவரிடமும் கேட்டால் பதில்கள் நெருங்கி வரும்.

தோலும் தொங்கியிருந்தால் உட்புற வழி போதாது. இமை முடிக்குச் சற்றுக் கீழே வெளியில் கீறி, மிஞ்சிய தோலை எடுக்க வேண்டும். கோடு மாதிரி ஒரு தழும்பு இருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். இந்த முறையின் ஆபத்து வேறு. தோலைக் கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டால் இமை கீழே இழுபட்டு, கண்ணின் வெள்ளை கீழே தெரியும். தீவிரமானால் இமை வெளிப்பக்கம் பிரண்டு, கண் மூடாமல் நீர் வடியும். வயதானவர்களுக்கும் இமை தளர்ந்தவர்களுக்கும் இது எளிதில் நேரும். அதற்கு ஒரு சிறு சோதனை உண்டு. கீழ் இமையைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்கி விட்டுவிட்டால் உடனே 'டக்'கென்று ஒட்டிக்கொள்ள வேண்டும். கண் சிமிட்டிய பிறகுதான் ஒட்டுகிறது என்றால், கண்ணின் வெளி ஓரத்தை இறுக்கித் தைக்கும் வேலையும் கூடச் சேர வேண்டும். முதல் சந்திப்பில் இமையை விரலால் தொட்டுக்கூடப் பார்க்காமல் நாள் குறித்துக் கொடுக்கும் மருத்துவரிடம் இரண்டாவது முறை போகத் தேவையில்லை.

இமைக்கும் கீழே, கன்ன எலும்பின் மேட்டில் தொங்கும் வீக்கத்தைப் பலர் இமைப் பை என்றே நினைக்கிறார்கள். அது வேறு. வழக்கமான இமை அறுவை அதைச் சரி செய்யாது.

ஊசியும் லேசரும் அறுவையைவிட எளிதா?

பள்ளம் மட்டுமே குறையாக இருக்கும் இளைஞருக்கு ஹையலுரோனிக் அமில ஃபில்லர் பொருந்தலாம். பிடிக்காவிட்டால் ஹையலுரோனிடேஸ் என்ற மருந்தை ஊசியில் போட்டுக் கரைத்துவிடலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் பிதுக்கம் உள்ளவருக்கு அதை மறைக்க மேலும் மேலும் ஃபில்லர் ஏற்றினால் முகமே உப்பிப் போகும். மெல்லிய தோலுக்கு அடியில் மேலோட்டமாகப் போட்டால் நீலச் சாயல் தட்டும். நீரை உறிஞ்சி, காலையில் இமை வீங்கும். ஓராண்டில் கரைந்துவிடும் என்று சொல்லப்பட்டாலும் கண்ணுக்குக் கீழே அது பல ஆண்டுகள் தங்குவதும் உண்டு. மிக அரிதாக, மருந்து இரத்தக் குழாய்க்குள் புகுந்து விழித்திரைக்குப் போகும் இரத்தத்தை அடைத்துப் பார்வையைப் பறித்துவிடும். அப்படிப் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. 'ஊசிதானே' என்ற சொல் எவ்வளவு தவறானது என்பதற்கு இதுவே போதும்.

சொந்தக் கொழுப்பை வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுத்துக் கண்ணுக்குக் கீழே போடும் முறையும் இருக்கிறது. நீண்ட நாள் நிற்கும் என்பது நன்மை. கட்டியாகிவிட்டால் கரைக்க மருந்தில்லை என்பது தீமை.

லேசரும் இரசாயனத் தோல் உரிப்பும் சுருக்கத்துக்குப் பயன்படலாம். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்த தோலுக்கும் சூட்டுக்குப் பிறகு அந்த இடமே இன்னும் கறுத்துப் போகும் வாய்ப்பு அதிகம். விளம்பரத்தில் காட்டும் முன், பின் படங்களில் இருப்பவரின் தோல் நிறத்தைப் பார்த்தாலே பாதி கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். தமிழர் அல்லது இந்தியர் தோலில் செய்த படங்கள் இருக்கின்றனவா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

முதல் இரவு

கீழ் இமை அறுவை பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடும் வேலைதான். பெரிய ஆபத்து ஒன்றே ஒன்று; அது அரிது, ஆனால் வேகமானது. இமைக்குப் பின்னால், கண்குழிக்குள் இரத்தம் கசிந்து தேங்கி, பார்வை நரம்பை நெருக்கும். அமெரிக்கக் கண் அறுவை நிபுணர்களிடம் விசாரித்து 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், அழகுக்கான இமை அறுவையில் இப்படி இரத்தம் கசிந்தது சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு. நிரந்தரமாகப் பார்வை பாதிக்கப்பட்டது சுமார் 22,000 பேரில் ஒருவருக்கு. எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்த ஒருவருக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தத்தை இறக்கியாக வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சாதாரண வலி மாத்திரைக்கு அடங்கும். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வீங்கும். ஒரு கண் மட்டும் கல்லுப்போல இறுகி வெளியே தள்ளினால், வலி நிமிடத்துக்கு நிமிடம் கூடினால், பார்வை மங்கினால் காலை வரை காத்திருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பதும் கூடாது. நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பாயான் பாருவில் இருப்பவர்களுக்கு ஜாலான் தெங்காவிலேயே பந்தாய் மருத்துவமனை இருக்கிறது; ஜோர்ஜ்டவுனில் பினாங்கு பொது மருத்துவமனை. கூலிமிலிருந்தோ நிபோங் திபாலிலிருந்தோ வருபவர்கள் முதல் இரவைத் தீவிலேயே கழிப்பது புத்திசாலித்தனம். பாலத்தில் நெரிசல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? பெரும்பாலான கசிவுகள் முதல் 24 மணி நேரத்துக்குள் நடப்பவை.

இரத்தத்தை இளக்கும் மருந்துகள் இதற்கு எண்ணெய் வார்க்கும். ஆஸ்பிரின், வார்ஃபரின், குளோபிடோகிரெல் மட்டுமல்ல. மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, வைட்டமின் ஈ, நாட்டு மருந்துப் பொடி எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதே நேரம் இருதயத்துக்காகச் சாப்பிடும் மருந்தைத் தானாகவே நிறுத்துவது இமைப் பையைவிடப் பெரிய ஆபத்து. நிறுத்தலாமா என்பதை இருதய மருத்துவர் சொல்ல வேண்டும்.

யார் கையில் கொடுப்பது?

2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராஸில், உரிமம் இல்லாத அழகு நிலையம் ஒன்றில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட 23 வயதுப் பெண் இறந்துபோனார். அது இமை அறுவை அல்ல. ஆனால் மருத்துவமனையில் நடக்க வேண்டியது கடைவீட்டில் நடந்தால் என்னவாகும் என்பதை நாடே பார்த்தது. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ், பதிவு இல்லாமல் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 3 இலட்சம் வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சட்டம் கடுமையானதுதான். பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் வாடிக்கையாளரின் வேலையாகவே இன்னும் இருக்கிறது.

அழகு நிலையப் பணியாளர் முகத்தில் ஊசி போடவே கூடாது. அழகியல் சிகிச்சை செய்யும் பொது மருத்துவர்கள் சுகாதார அமைச்சின் தனித் தகுதிக் கடிதம் பெற்றிருக்க வேண்டும், எல்.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தக் கடிதமும் இமையை அறுப்பதற்கான அனுமதி அல்ல. இமை அறுவை, பிளாஸ்டிக் அறுவை நிபுணர் அல்லது இமை அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற கண் அறுவை நிபுணரின் வேலை. மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையத் தளத்தில் மருத்துவரின் பெயரைத் தட்டினால் பதிவும் நடப்பு ஆண்டுக்கான தொழில் சான்றிதழும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

நேரில் கேட்க வேண்டியவையும் சில உண்டு. எனக்கு இருப்பது கொழுப்பா, தோலா, பள்ளமா, நிறமா? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்னவாகும்? இரவு இரண்டு மணிக்குச் சிக்கல் என்றால் யாரை அழைப்பது? திருத்தம் தேவைப்பட்டால் அதற்குத் தனிக் கட்டணமா? இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றுதான். வயதோடு மெல்லக் கூடும், கண்ணுக்குக் கேடு ஒன்றும் இல்லை. 'இன்றே முன்பணம் கட்டினால் கழிவு' என்று அவசரப்படுத்துபவர் அதைச் சொல்லமாட்டார்.

பணமும் நாளும்

அழகுக்காகச் செய்யும் கீழ் இமை அறுவைக்கு மருத்துவக் காப்புறுதி பொதுவாகப் பணம் கொடுக்காது. ஊழியர் சேமநிதியின் மருத்துவ மீட்பும் தீவிர நோய்களுக்கானது. முழுச் செலவும் கைப்பணம் என்பதால், சொல்லப்படும் தொகையில் மயக்க மருந்து நிபுணர், அறுவைக் கூடம், மருந்து, மறுபார்வை எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கன்றிப்போன நிறம் மறைய பத்து முதல் பதினான்கு நாளாகும். வெளித் தையல் இருந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிரிப்பார்கள். இரண்டு வாரத்துக்குக் கண்மை, காண்டாக்ட் லென்ஸ், நீச்சல், பளு தூக்குதல், குனிந்து செய்யும் வேலை எதுவும் கூடாது. தொழிற்சாலையில் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு வேலை செய்பவர்கள் விடுப்பைக் கூடுதலாகவே கேட்டு வைக்கலாம். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு வெயிலில் நடக்க நேர்ந்திருப்பவர்கள் அதை முடித்துவிட்டு நாள் குறிக்கலாம். முகம் அதன் இறுதி நிலைக்கு வர மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். மகள் கல்யாணப் படத்தில் நன்றாக இருக்க வேண்டும் என்று வரும் தாய்மார்கள் இந்தக் கணக்கைத்தான் மறந்துவிடுகிறார்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அறுவைக்கு நாள் கேட்டால், நல்ல நிபுணர் கல்யாணம் முடிந்த பிறகு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்.